அப்சென்ற் என்று நான் எழுதியது

3 யூன் 2024, திங்கள்
தரம் ஏழுக்கு இன்று 'அப்சென்ற்' என்ற சொல். பொருள்: வராதவர். எதிர்ச்சொல்: 'பிரசென்ற்'. இடாப்புக் கூப்பிடும்போது தினமும் கேட்கிற சொல்தானே என்று பிள்ளைகளுக்கு அலுப்பு. நான் விடவில்லை. இலத்தீனில் 'அப்' என்றால் தள்ளி, 'எஸ்ஸெ' என்றால் இருத்தல். தள்ளி இருப்பவர் என்று கரும்பலகையில் எழுதினேன். எழுதிய உடனேயே அழித்துவிட்டேன். நல்லவேளை, எவரும் கவனிக்கவில்லை.

5 யூன், புதன்
தம்பி மனைவி அனுஜா இன்று வாய் திறந்து சொன்னாள். சாவகச்சேரியில் இரும்புக்கடை வைத்திருக்கும் வின்சன்ற் அவளைக் கலியாணம் முடிக்க விரும்புகிறார். அவளுக்கும் சம்மதம். ஆனால் தம்பியின் இறப்புச் சான்றிதழ் இல்லாமல் கோயிலில் கலியாண எழுத்து எழுத முடியாது என்று போதகர் சொல்லிவிட்டார்.

தம்பி ஜொனதன் யுத்தம் முடிந்த 2009 மே மாதத்தோடு இல்லை. அதற்குப் பிறகு அவன் மனைவியும் மகள் அபிகாயிலும் என்னோடுதான் இந்த வீட்டில். ஆறு வருடத்துக்கு முன் கந்தோரில் இரண்டு படிவம் காட்டினார்கள்: ஒன்று இறந்தவருக்கு, மற்றது காணாமற்போனவருக்கு, 'அப்சென்ற்' என்று. இங்கிலிஷ் ரீச்சர் என்று அனுஜா என்னிடம்தான் நிரப்பத் தந்தாள். நான் 'அப்சென்ற்' பக்கத்தை நிரப்பினேன். செத்ததைக் கண்டவர் ஒருவரும் இல்லையே என்று அவளுக்குக் காரணமும் சொன்னேன்.

6 யூன்
கண்டவர் இருக்கிறார்.

9 யூன், ஞாயிறு
ஆராதனையில் மனம் நிற்கவில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

2012 இல் கொழும்புத்துறையிலிருந்து சிமியோன் என்ற மீன்பிடிகாரர் பள்ளிக்கூடத்துக்கே என்னைத் தேடி வந்தார். கடைசி நாட்களில் தம்பியோடு ஒரே பங்கரில் இருந்தவர். ஷெல் விழுந்த அன்று அந்தப் பங்கருக்குள்ளேயே அவனை வைத்து மண் போட்டு மூடினாராம். "கண்ணை நான்தான் மூடிவிட்டனான், ரீச்சர்" என்றார். அவன் மனைவியிடம் தானே வந்து சொல்லவா என்று கேட்டார். வேண்டாம், நான் பக்குவமாகச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

சொல்லவில்லை. ஏன்? அவளால் தாங்க முடியாது என்றா? பொய். விதவை என்றானால் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள், பிள்ளையும் போய்விடும். இந்த வீட்டில் நான் தனியே இருக்கப் பயந்தேன். அவ்வளவுதான்.

11 யூன்
அகராதியை மறுபடியும் புரட்டினேன். இறந்தவருக்கு எதிர் உயிரோடிருப்பவர். 'அப்சென்ற்'றுக்கு எதிர் முன்னால் நிற்பவர். அப்படியென்றால் தள்ளி இருப்பவன் உயிரோடும் இருக்கலாம்தானே? இத்தனை வருடம் இந்தக் கணக்கை வைத்துத்தான் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் சுற்றிவளைத்திருந்தால் சிவப்பு மையால் வெட்டியிருப்பேன்.

16 யூன், ஞாயிறு
அனுஜாவிடம் சொல்லிவிட்டேன். மத்தியானம், குசினியில். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவினாள். சிமியோனின் வீடு எது என்று கேட்டாள், சொன்னேன். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"எனக்கு அப்ப இருபத்திநாலு வயசு, மச்சாள்."

அடித்திருந்தாலும் பரவாயில்லை. நான் என்ன வேலை செய்துபோட்டன்... பன்னிரண்டு வருசம்.

19 யூன்
அனுஜாவும் அபிகாயிலும் சாவகச்சேரிக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பஸ் வரைக்கும் பை தூக்கிக்கொண்டு போனேன். அனுஜா பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

5 யூலை
சிமியோன் கந்தோருக்கு வந்து வாக்குமூலம் கொடுத்தாராம். போதகர் சொல்லித்தான் தெரியும்.

20 யூலை, சனி
பின்னேரம் அபிகாயில் வந்தாள். பதினாறு வயது, நடை அப்படியே தம்பியின் நடை. இறப்புச் சான்றிதழ் கிடைத்துவிட்டதாம். பத்திரிகையில் போடப்போகிற மரண அறிவித்தலை நீட்டினாள். "மாமி, அம்மா எழுத்துப்பிழை பாத்துத் தரட்டாம்."

படித்தேன். 'அன்னார் காலஞ்சென்ற ஹரோல்ட் – ஸ்ரெல்லா தம்பதியரின் அன்பு மகனும், அனுஜாவின் அன்புக் கணவரும், அபிகாயிலின் பாசமிகு தந்தையும் ஆவார்.' அதோடு முற்றுப்புள்ளி. எங்கள் பக்கத்து அறிவித்தல்களில் கனடாவில் இருக்கும் மைத்துனரின் பெயர்கூட விடுபடாது. கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான்.

அச்சகத்தில் ஏதாவது வரி விடுபட்டதா என்று அபிகாயிலிடம் கேட்டேன். இல்லை, அம்மா தன் கையால் எழுதிக் கொடுத்தது என்றாள். நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மூன்று தரம் படித்தேன். பிறகு கீழே 'பிழை ஒன்றும் இல்லை' என்று எழுதி, கையெழுத்து வைத்துப் பிள்ளையிடம் கொடுத்தேன்.