பேர் எழுதாத போர்டு

முன் அறை முழுக்கப் பெயிண்ட் வாசனை. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. பூவில் அந்த வாடை ஏறிவிடும் என்று உன் அம்மா மல்லிகைக் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்கள். நம் போர்டில் பேர் ஏறிவிட்டதடி. என்ன பேர் என்று இப்போதே சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கிருந்தே ஒரு குறை கண்டுபிடிப்பாய்.

ஊருக்கெல்லாம் விளம்பர வாசகம் எழுதிக் கொடுக்கப் போகிறோம் என்று உங்கள் வீட்டின் இந்த அறையில் இரண்டு நாற்காலி போட்ட அன்றே நீ பெயிண்டரையும் கூட்டி வந்துவிட்டாய். அவர் நீலம் அடித்து, ஓரத்தில் மஞ்சள் கோடு இழுத்து, கீழே நம் போன் நம்பரையும் எழுதிவிட்டு, பேர் என்னவென்று கேட்டார். நீ ஒன்று சொன்னாய், நான் ஒன்று சொன்னேன். டப்பாவில் பெயிண்ட் ஏடு கட்டும் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, முடிவானதும் கூப்பிடுங்கள் என்று போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு பிரியாணிக் கடைக்குப் பேர் வைத்தோம். தையல் கடைக்கு வைத்தோம். மேலநீலிதநல்லூரில் ஒரு வாடிக்கையாளரின் இரட்டைப் பிள்ளைகளுக்கும் வைத்துக் கொடுத்தோம். நம் போர்டு மட்டும் வெறும் நீலமாகவே நின்றது. பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டால், பேர் எழுதாத போர்டா என்று கேட்டுத்தான் ஆட்டோக்காரர்கள் கூட்டி வருவார்கள்.

குறை என் மேல் மட்டும் இல்லை. நான் 'இதயத்துளி' என்றேன். ரத்தப் பரிசோதனை செய்கிற இடம் மாதிரி இருக்கிறது என்றாய். 'உயிர்மொழி' என்றேன். எந்த ஊர் வைத்தியர் என்று கேட்டாய். நீயாக ரொம்ப யோசித்து 'எழுதித் தரப்படும்' என்று ஒன்றைக் கொண்டுவந்தாய். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நான் சிரித்ததில் உன் மூக்கு சிவந்துவிட்டது.

ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்த பிறகு, முதலில் எழுந்து வாசலுக்குப் போவது எப்போதும் நீதான். எதிர்க்கடையைப் பார்த்து, "அண்ணாச்சி, மூணு டீ" என்று ஒரு சத்தம் கொடுப்பாய். எனக்கு, அம்மாவுக்கு, சீனி கம்மியாக உனக்கு. அதோடு சண்டை தீர்ந்தது என்று அர்த்தம். நம் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று டீக்கடை அண்ணாச்சிக்குத் தெரியாது. எத்தனை சண்டை நடந்தது என்பது மட்டும் அவருக்கு அத்துப்படி.

வாசகத்தில் உணர்ச்சி வேண்டும் என்பதில் நாம் ஒரே கட்சிதான். எவ்வளவு என்பதில்தான் தகராறு. எனக்குக் குக்கர் ரிப்பேர் விளம்பரமாக இருந்தாலும் படிக்கிறவர்கள் கண் கலங்க வேண்டும். பாத்திரக் கடை நோட்டீஸை நீ மறந்திருக்க மாட்டாய். நீ ஊரில் இல்லாத சமயம் பார்த்துத் திறப்பு விழாவுக்கு நான் எழுதியது. நடுவில் முதலாளியின் படம். 'ஓய்வறியாத கைகள். ஊருக்காகவே துடித்த உள்ளம். உங்கள் நெஞ்சங்களில் என்றும் நிறைந்திருப்பார்.' எழுதிவிட்டு நானே அழுதேன்.

திறப்பு விழா அன்று இளையரசனேந்தலிலிருந்து அவருடைய சொந்தக்காரர்கள் வேன் பிடித்து, பெரிய மாலையோடு வந்து இறங்கினார்கள். பெண்கள் வேனுக்குள்ளேயே ஒப்பாரியை ஆரம்பித்திருந்தார்கள். கடை வாசலில் முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு நின்று, வாங்க வாங்க என்றார். அவருடைய அத்தை அவரைப் பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளையாக அவர் நல்ல மனுஷர். மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "வந்தது வந்துட்டிய, ஆளுக்கொரு குடமாவது வாங்கிட்டுப் போங்க" என்றார். வாங்கினார்கள். அதைச் சொல்லி, வாசகம் வேலை செய்துவிட்டது என்று நான் உன்னிடம் வாதாடினேன்.

நீ தலையில் அடித்துக்கொண்டாய். "ஏட்டி, அழ வைக்கது ஒரு காரியமா? அத வெங்காயமே செய்யும். கை நிக்கணும்."

கை நிற்பது உன் சட்டம். மார்க்கெட்டிலிருந்து வந்த மல்லிகையை அம்மா இந்த அறையில் உட்கார்ந்துதான் கட்டுவார்கள். டிவி பார்த்தாலும் நம்மோடு பேசினாலும் விரல் தன்பாட்டுக்கு ஓடும். எழுதியதை நீ சத்தமாக வாசிப்பாய். அம்மாவின் கை நின்றால் வாசகம் தேறியது. என்னுடைய கண்ணீர், தியாகம், பாசம் ஒன்றுக்கும் அந்தக் கை நின்றதில்லை. நீ தையல் கடைக்கு எழுதினாயே, 'போன வருஷப் பாவாடை குட்டையாகிவிட்டதா? மடிப்பைப் பிரித்து நீளமாக்கித் தருகிறோம்' என்று, அதற்கு நின்றது. உன்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். இதில் உணர்ச்சி எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். நீ எழுந்து டீ சொல்லப் போய்விட்டாய்.

பங்குனியில் நீ போனாய். வெறும் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஒரு வரி வேண்டும் என்று ஃபிளெக்ஸ் கடைக்காரர் என்னிடம் வந்து நின்றார். குத்துக்கல் மாதிரி உயிரோடு இருந்த பாத்திரக் கடைக்காரருக்கு அவ்வளவு எழுதினேன். உனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பேரும் நேரமும் போதும் என்று சொல்லி அனுப்பினேன். அவருக்கு மனசு கேட்காமல் ஒரு மெழுகுவர்த்தியையும் இரண்டு புறாவையும் சேர்த்துவிட்டார். அந்தப் புறாக்களைப் பார்த்திருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். சிரிக்க ஆள் இல்லையே என்று தெருமுனையில் நின்று உன் மேல்தான் கோபப்பட்டேன்.

அம்மா அழவில்லை. காரியம் முடிந்த மறுநாளே கூடையோடு உட்கார்ந்துவிட்டார்கள். உன் பேச்சையே எடுக்கவில்லை. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன், அவர்கள் கட்டினார்கள். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது திருப்பூரிலிருந்து உன் அண்ணன் போன் பண்ணினார். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரும்போது போர்டைக் கழற்றிவிட்டு அறையைச் செல்போன் கடைக்கு விடப்போவதாகச் சொன்னார். "பேரே வைக்கத் தெரியாதவிய என்ன யாவாரம் பண்ணுதிய?" என்றார். கேள்வி நியாயமானதுதான். அறை போனால் நான் என் வீட்டிலிருந்து எழுதிக்கொள்வேன். அம்மா யாரோடு உட்கார்ந்து பூக் கட்டுவார்கள் என்பதுதான் என்னை அரித்தது.

போன வாரம் முழுக்கப் பேர் யோசித்து அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். விரல் ஓடிக்கொண்டே இருந்தது. வெட்கத்தை விட்டு 'இதயத்துளி'யைக்கூட இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். கடைசியில் எரிச்சல் தாங்காமல் தாளைச் சுருட்டி எறிந்துவிட்டு வாசலுக்குப் போனேன்.

"அண்ணாச்சி, மூணு டீ."

வாயை விட்டு வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. எதிரே அண்ணாச்சி டம்ளரைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தார். இரண்டு என்று திருத்த வாயெடுத்துவிட்டுத் திரும்பினேன். அம்மாவின் கை நின்றிருந்தது. பாதி கட்டிய சரம் மடியில் கிடந்தது. பிறகு அழுதார்கள், பங்குனியிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். டீ கொண்டுவந்த அண்ணாச்சி சங்கடப்பட்டு ஒரு டம்ளரைத் திருப்பி எடுக்கப் போனார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும். மூணும் இருக்கட்டும்" என்றார்கள்.

போர்டில் அதுதான் இருக்கிறது, 'மூணு டீ'. அதற்குக் கீழே சின்னதாக, 'விளம்பர வாசகம் எழுதித் தரப்படும்.' நீ கொண்டுவந்த பேரையும் உள்ளே நுழைத்துவிட்டேன், பார். பெயிண்டர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதினார். நேற்று சாயங்காலமே விசைத்தறிக்காரர்கள் சிலர் வந்து உட்கார்ந்து வடை சூடாக இருக்கிறதா என்று கேட்டார்கள். எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன். தன் கடைக்கு நாம் ஓசியில் போர்டு வைத்திருப்பதாக அண்ணாச்சி பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இன்று காலை உன் அண்ணன் வந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல், இதென்ன டீக்கடையா என்று என்னிடம் ஆரம்பித்தார். நான் பதில் தேடுவதற்குள் அம்மா அடுக்களையிலிருந்து எழுந்து வாசலுக்குப் போனார்கள். டீ சொல்வது என்றைக்கும் உன் வேலை. அம்மா தெருவைப் பார்த்துச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

"அண்ணாச்சி, நாலு டீ" என்றார்கள்.

இருந்தது மூன்று பேர். அண்ணன் அம்மாவைப் பார்த்தார். தெருவில் இறங்கி நின்று போர்டை இன்னொரு தடவை வாசித்தார். உள்ளே வந்து பையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார், உன் நாற்காலியில். செல்போன் கடைப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. டீ வந்ததும் கைக்கு அகப்பட்டதை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, சீனியே இல்லையே என்றார்.

"ஏலே, அது அவளுக்குள்ளது" என்றார்கள் அம்மா. "அவ கம்மியாத்தான குடிப்பா."

பங்குனிக்குப் பிறகு அம்மா உன்னைப் பற்றிச் சொன்ன முதல் வாசகம் அது. அண்ணனின் கை டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டது. அதில் உணர்ச்சி எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லையடி.