நாக்கடியில் வைக்கும் மாத்திரை

கடலாடி,
2.3.2025

அன்புள்ள மச்சானுக்கு,

பூங்கோதை எழுதுவது. மறுபடி அந்த வலி மாத்திரைக் கடைக்குப் பேசிவிடுவேன் என்று அய்யா என் போனை வாங்கி வைத்துக்கொண்டார். அவர் போனில் நீங்கள் அழைத்தாலும் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு முருகலட்சுமி அக்கா தபாலில் போடுவார்.

நேற்று வளைகாப்பு முடிந்து இங்கே வந்ததுமே, மதுரை டாக்டர் கொடுத்த நாக்கடி மாத்திரையை அம்மா அடுப்பில் போட்டுவிட்டார். "எம்புள்ள பிரபுதான் ஒன் வயித்துல வாரான். போதையில்லாமப் பொறக்கட்டும்டி" என்கிறார். விபத்தில் தம்பி பிரபு போனபின் அந்தப் பாழாய்ப்போன வலி மாத்திரைக்கு நான் அடிமையானதைப் பார்த்தவர். இது அதிலிருந்து மீட்கும் மருந்து என்றால் காதில் ஏறவில்லை. திடீரென்று நிறுத்தினால் பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் இருந்தீர்களே. மாத்திரையோடு வந்து என்னைக் கூட்டிப்போங்கள்.

உங்கள் பூங்கோதை

உத்தரகோசமங்கை,
7.3.2025

அன்புள்ள கோதைக்கு,

நலம். நீயும் உள்ளே உருளும் நம் வாலும் நலமா? கல்யாணத்துக்கு முன் ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறாயே!

மிளகாய்ப் பழம் எடுக்கிற நேரம், ஆள் கிடைக்கவில்லை. வளையல் போட்டு அனுப்பிய பெண் பிள்ளை பெறாமல் புருஷன் வீட்டுப் படியேறக் கூடாது என்று இங்கே என் அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். மாத்திரை இல்லாமலே சமாளித்துவிட்டால் நல்லதுதானே என்று எனக்கும் தோன்றுகிறது. கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள். பழம் எடுத்ததும் வருகிறேன்.

உன் மாரீஸ்வரன்

கடலாடி,
12.3.2025

மச்சான்,

கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். வயிறு நிற்காமல் போகிறது, உடம்பை முறுக்கிப் பிழிகிறது. தம்பி படத்துக்கு எதிரேதான் படுக்கை. ரோட்டில் லாரி போனால் மறுபடி அவன் தலை என் மடியில் கிடக்கிறது.

ஓயாமல் உதைத்த பிள்ளை காலையிலிருந்து அடங்கிக் கிடக்கிறது. "பிரபு தூங்குறான்" என்கிறார் அம்மா. எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் படி ஏற வேண்டாம், பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். அப்படியே மதுரைக்குப் போய்விடலாம். பழைய கடைக்கு ஆள் அனுப்ப வாய்வரை வந்தது. அனுப்பவில்லை. உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

பூங்கோதை

கடலாடி,
27.3.2025

மாரீஸ்வரனுக்கு,

அடக்கத்துக்கு வந்தபோது உங்கள் சட்டைப்பையில் மாத்திரை அட்டை இருந்தது. பார்த்தேன்.

பையன் பிறந்தபோது அழவே இல்லை. "பிரபு மொகந்தான்" என்று அம்மா ஒரே ஒரு தடவை சொன்னார். டாக்டர் எனக்கு மருந்தை மறுபடி ஆரம்பித்திருக்கிறார். முருகலட்சுமி அக்கா தினமும் வந்து தருகிறார். எனக்குப் பால் கட்டி வலிக்கிறது.

நேற்று அம்மா என் வளையல்களைக் கழற்றினார். "இனி ஒன் புருசன் வீட்டுக்குப் போகலாம், தடையில்ல" என்றார்.

நான் வரவில்லை.

பூங்கோதை