வயலின்காரர் நடுவுக்கு வந்த கதை

ஜூன் 11, செவ்வாய். தேவிகுளம்.

எந்த வயலின்காரரும் இந்த வீட்டுக்கு வரவில்லை. வந்ததாக நான் சொல்லவும் இல்லை.

கல்பாத்தியிலிருந்து நாத்தனார் கோமதி ஃபோனில் கேட்கிறாள்: "மன்னி, சாயங்காலமானா ஃபிடில்காரர் வந்து உங்க முன்னாடி உக்காந்துக்கறாராமே? காப்பி குடுத்தேளா?" சிரிப்பு வேறு. நாட்டுப்பெண் சுஷ்மா இங்கிருந்தே ஃபோனில் கல்பாத்தித் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

நடந்தது இது. ரேடியோவில் கச்சேரி ஸ்டீரியோவில் வருகிறது. இடது ஸ்பீக்கர் பெட்டியில் மிருதங்கம், வலது பெட்டியில் வயலின், நடுவில் பாட்டு; மேடையில் உட்கார்ந்திருக்கிறபடியே. மழை வலுத்ததும் எல்லாம் ஒன்றாகிவிட்டது. "வயலின்காரர் நடுவுக்கு வந்துட்டார்" என்றேன். அவ்வளவுதான்.

ஜூன் 12

மழை. கேட்டுக்கு உள்ளேயே நடந்தேன். வெளியே போனால் வாட்ச்மேன் சுஷ்மாவைக் கூப்பிடுகிறான்.

ஜூன் 14, வெள்ளி

கோடைக்கு மட்டும் என்று சொல்லித்தான் பிள்ளை அமர்நாத் மார்ச்சில் என்னை அழைத்து வந்தான். மழை தொடங்கியதும் கல்பாத்தியில் என் வீட்டில் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. இன்று கேட்டேன்.

"எப்படிம்மா தனியா விடறது? காது சரியில்லை. என்னென்னமோ சொல்றே. தெருவே பேசறது."

தெருவுக்குச் சொன்னது யார்? உன் பெண்டாட்டிதானேடா! - சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

கோளாறு என் காதில் இல்லை என்று காட்டினால் விட்டாக வேண்டும்.

ஜூன் 15

சமையலுக்கு வரும் மாரித்தாயை இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் உட்கார வைத்தேன். வயலின் எந்தப் பக்கம்?

"எங்க எஸ்டேட் லயத்து வீட்டுல இருக்கதே ஒத்தப் பொட்டிதாம்மா. இதுல பக்கத்துக்கு எங்க போக?"

சாட்சிக்கு ஆகமாட்டாள். நானே ரேடியோவைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு ஸ்விட்ச்: மோனோ, ஆட்டோ, ஸ்டீரியோ. ஆட்டோவில் இருந்தது. ஏரியல் வயரை ஜன்னல் வரை இழுத்ததும் சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. வயலின் வலப்பக்கம் போயிற்று. வயரைக் கீழே போட்டால் விளக்கு அணைகிறது, வயலின் நடுவுக்கு வருகிறது. சிக்னல் மெலிந்தால் இரைச்சல் தெரியாமலிருக்க அதுவே இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிடுகிறது.

ஸ்விட்சை ஸ்டீரியோவுக்குத் தள்ளி அங்கேயே விட்டேன். அப்பளம் பொரிகிற இரைச்சல். ஆனாலும் அவரவர் இடத்தில் அவரவர். எனக்கு இதுவே போதும்.

ஜூன் 16, ஞாயிறு

அமரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னேன். வயலின் எந்தப் பக்கம்?

"வலது பக்கம்மா."

ஸ்விட்சைத் தள்ளினேன்.

"அட, நடுவுக்கு வந்துடுத்தே!"

சுஷ்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சிரிக்கவில்லை. கோமதிக்கு ஃபோன் செய்து இதைச் சொல் என்று அமரிடம் சொன்னேன். "சொல்றேம்மா." எப்போது கிளம்பலாம் என்றேன். "இந்த இரைச்சலை எப்படித்தான் தாங்கறியோ" என்று மோனோவில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

ஜூன் 18

அவன் சொல்லவில்லை. நானே கோமதியைக் கூப்பிட்டு ஸ்விட்ச் முதல் சிவப்பு விளக்கு வரை விளக்கினேன். இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்போ உங்களுக்கு ஒண்ணும் இல்லையா மன்னி? பின்னே ஏன் ஆத்தை வாடகைக்கு விட்டேள்?"

நானா?

"விஷு கழிஞ்சதுமே வாடகைக்காரா பால் காய்ச்சி குடிவந்துட்டாளே. நீங்க இனிமே மகன்கிட்டதான்னு அமர் சொன்னானே."

விஷு ஏப்ரலில். வயலின்காரர் பேச்சு பிறந்தது இந்த மாதம்.

என் வீடு. என் பெயரில் இருக்கிற வீடு. சாவி என் பையில் இருக்கிறது - எந்தப் பூட்டுக்கு?

ஜூன் 19, புதன்

கத்தவில்லை. கத்தினால் அதற்கும் ஒரு பேர் வைப்பார்கள். காலையில் ஒரு தாளில் எழுதி அமரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதன் நகல்:

அமர்நாத்,
கல்பாத்தி வீட்டில் இருப்பவர்கள் எந்தத் தேதியில் காலி செய்கிறார்கள்? நான் எந்தத் தேதியில் அங்கே போகிறேன்? சமாதானம் பேச வர வேண்டாம். பதிலை எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரவும்.
அம்மா