துணிக்கொடி தொய்ந்த தேதிகள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. கடவுள் கிருபையில் நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் வலியும் அவருடைய பிடிவாதமும் போன மாதம் இருந்தபடியே இருக்கின்றன. நீயும் மருமகளும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் நீ கோபமாக ஃபோனை வைத்துவிட்டாய். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். டீ ஆறினாலும் பரவாயில்லை, முழுதும் படி.

பின்பக்கத்து மரம் நம் படுக்கையறைப் பக்கம் சாய்கிறது என்று நான் முதலில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. எனக்கு அது மரத்தைப் பார்த்துத் தெரியவில்லை, துணிக்கொடியைப் பார்த்துத்தான் தெரிந்தது. வீட்டுச் சுவரில் இருக்கும் கொக்கியிலிருந்து மரத்துக்குக் கட்டின நைலான் கயிறு தொய்ந்து ஈரப் போர்வை தரையைத் தொட்டது, இழுத்துக் கட்டினேன், நான்கு மாதத்தில் மறுபடி தொய்ந்தது. அப்பா, "கயிறுன்னா நீளத்தான் செய்யும், அதுக்கும் ஒரு ஆராய்ச்சியா" என்றார். சரி என்று கம்பி வாங்கிக் கட்டினேன். கம்பியும் தொய்ந்தது. கம்பி நீளவில்லை என்றால் மரம்தானே கிட்டே வருகிறது? பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் எந்தத் தேதியில் எத்தனை விரற்கடை இழுத்துக் கட்டினேன் என்று குறித்துக்கொண்டே வந்தேன். அப்பாவிடம் கட்டிலையாவது முன்னறைக்கு மாற்றலாம் என்று கெஞ்சினேன். "முப்பது வருஷமா விழாத மரம் உன் கயிறு சொல்லுதுன்னா விழப் போகுது? பஸ்ஸே ஓட்டினவனுக்கு ஒரு மரத்தைப் பார்த்துப் பயமா" என்று சிரித்தார். ஒரு காற்றடித்தாலும் நான் விழித்துக்கொண்டு ஜபம் சொல்வேன், அவர் குறட்டை விடுவார். நான் மட்டும் முன்னறையில் போய்ப் படுத்திருக்கலாம். மனசு வரவில்லை. விழுந்தால் இரண்டு பேர் மேலும் விழட்டும் என்று அங்கேயே படுத்தேன். இதை உன்னிடம் சொல்லாதது என் தப்புதான்.

நெஞ்சு உயரத்தில் மூன்றடிக்கு மேல் சுற்றளவு உள்ள மரத்தை வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது, நகராட்சி அனுமதி வேண்டும். என் தையல் டேப்பில் நாலடி ஏழு அங்குலம் வந்தது. ரொம்ப நச்சரித்த பிறகு அப்பா விண்ணப்பம் எழுதினார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதினார் தெரியுமா, இலை கொட்டுகிறது, மழைத்தண்ணீர்க் குழாய் அடைக்கிறது என்று எழுதியிருக்கிறார். பயந்து வெட்டினோம் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமாம். இலை உதிர்வது மரத்தை அகற்றக் காரணம் ஆகாது, மரம் ஆரோக்கியமாக உள்ளது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேல்முறையீட்டுக்குப் பதினைந்து நாள் கொடுத்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மரம் வெட்டும் மேஸ்திரி வந்து, "அம்மா, இதுக்குப் போய் ஆபீஸ் ஆபீஸா அலையறீங்களே, வேர்ல நாலு ஓட்டை போட்டு மருந்து ஊத்திடறேன், மூணு மாசத்துல காஞ்சிடும், பட்ட மரத்துக்கு அனுமதி சுலபமா கொடுத்துடுவாங்க" என்றார். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. போன வாரம் ஃபோனில் கேட்ட உனக்கும் பிடித்தது. "உன் நேர்மையைக் கொண்டுபோய் அந்த மரத்துலயே மாட்டு" என்று நீ சொன்னாய். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, பயத்தில் சொன்னாய். எப்படியும் வெட்டத்தானே போகிறோம், மருந்து ஊற்றினால் மட்டும் பாவமா என்று நீ கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அது தானாகப் பட்டுப்போனது என்று எழுதி நான் அல்லவா கையெழுத்துப் போட வேண்டும், அதற்கப்புறம் எந்த முகத்தோடு ஜபத்துக்கு உட்காருவது? இன்னொன்றையும் யோசித்தேன். ஏற்கெனவே சாய்கிற மரத்தின் வேரைச் சாகடித்துவிட்டு மூன்று மாதம் அதன் அடியிலேயே படுத்திருப்பதா? இதை மேஸ்திரியிடம் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

அதனால் மேல்முறையீட்டை நானே எழுதினேன். உன் பழைய பள்ளிக்கூடப் புத்தகங்களை வைத்து எழுத்துக் கூட்டக் கற்றவள் எழுதினது, மூன்று தாள் கிழித்து நாலாவதில்தான் தேறியது. செவ்வாய்க்கிழமை மரங்களைப் பார்க்கும் அதிகாரி வந்தது, உன் வயதுப் பெண், கனமான பூட்ஸ், தோளில் பை. அண்ணாந்து பார்த்துவிட்டு, "பச்சைப்பசேல்னு இருக்கேம்மா, இதையா வெட்டணும்ங்கறீங்க" என்றது. நான் நோட்டை நீட்டினேன். அப்பா உடனே, "பால் கணக்கை எல்லாம் காட்டாதே, அவங்களுக்கு வேற வேலை இருக்கு" என்றார். அந்தப் பெண் கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தது. கொக்கிக்கும் மரத்துக்கும் டேப் பிடித்து அளந்தது. பிறகு மரத்துக்கு அந்தப் பக்கம் போய் ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பார்த்தது, பிடி வரைக்கும் வெண்ணெயில் போவதுபோல் இறங்கியது. மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன என்று கேட்டது. நாம் சோப்புக்காரர் என்று கூப்பிடும் பக்கத்து மனிதரின் வண்டி கழுவும் பட்டறை. அவர் இரண்டு வருடம் முன்பு கழிவுநீர்க் குழாய் போடப் பள்ளம் தோண்டியபோது அவருடைய ஆட்கள் நம் மரத்தின் பெரிய வேர்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், அந்தப் பிடிப்பு போனதால்தான் மரம் நம் பக்கம் சாய்கிறதாம். தொழில் நடக்கும் இடமானால் பெரிய மரத்துக்கு இத்தனை அடிக்குள் தோண்டவே தனி அனுமதி வேண்டுமாம். அந்தப் பெண் கூப்பிட்டுக் கேட்டதும் மனிதர் முகம் வெளுத்துப்போய், "சத்தியமா தெரியாதுக்கா, பழைய குழாய்னு நினைச்சு வெட்டிட்டானுங்க" என்றார். அதற்குத் தண்டனையாக இனி அவர் வண்டி நிறுத்தும் இடத்தில் இரண்டு கன்று நட்டு வளர்த்துக் காட்ட வேண்டும். வெட்டும் மரத்துக்கு ஈடாக நமக்கு ஒன்று, சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி. எனக்கு அவர்மேல் வருத்தமில்லை, அப்பா மட்டும் அவரோடு இரண்டு நாளாகப் பேசவில்லை.

அந்தப் பெண் அங்கேயே நின்று அபாய மரம் என்று அனுமதி எழுதிக் கொடுத்தது. அப்பா ரொம்ப சாதாரணமாகக் கேட்பதுபோல், "விழுந்தா எந்தப் பக்கம் விழும்" என்று கேட்டார். அந்தப் பெண் நம் படுக்கையறை ஜன்னலைக் காட்டியது. "உள்ளே யார் படுக்கறீங்க?" என்றது. அப்பா, "நான்தான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நாங்க ரெண்டு பேரும்" என்றார். நான் அந்தப் பெண்ணை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். பட்டப்பகல், மணி பன்னிரண்டு இருக்கும். அப்பா முழங்காலை இழுத்துக்கொண்டு ஒரு தலையணையோடு முன்னறைக்குப் போய்க்கொண்டிருந்தார். அது என்னுடையது. அதை வைத்துவிட்டுத் திரும்பி வந்துதான் தன்னுடையதை எடுத்துப் போனார்.

வருகிற திங்கள் மரம் வெட்டுகிறார்கள், கிரேன் வைத்துத் துண்டு துண்டாக இறக்குவார்கள். அதுவரை பின்னறைக்குப் பூட்டு. நீ இனி நிம்மதியாகத் தூங்கு, வெளியே சாப்பிடுவதைக் குறைத்துக்கொள், மருமகளின் இருமலை டாக்டரிடம் காட்டு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசு, ஆனால் தலையணை விஷயத்தை நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே, முன்னறையில் காற்று நன்றாக வருகிறதா என்று மட்டும் கேள். ஆண்டவன் உங்கள் இருவர் தலைமேலும் கை வைத்துக் காக்கட்டும்.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா