காட்சிமுனையில் உன் அப்பா

அன்புள்ள மகனுக்கு,

நீ அங்கே சுகமாக இருப்பாய், இருக்க வேண்டும், அதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நாங்கள் சுகமா என்று மட்டும் கேட்காதே, கேட்டுவிட்டுப் பதிலை நம்பாதவனிடம் என்ன சொல்வது. போனில் சொன்னால் "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு மறதி முற்றிக்கொண்டு வருகிறது என்று எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டேன். "எங்கிட்ட நல்லாத்தானே பேசுறார், வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா அப்படித்தான் இருக்கும், காடு மலைன்னு ஒருநாள் கூட்டிட்டுப் போம்மா" என்றாய். அங்கிருந்தபடியே வண்டியும் பிடித்துக் கொடுத்தாய், மகராசன். நீ கூட வருவது மட்டும் அந்த ஏற்பாட்டில் இல்லை. போகும்போது குறை சொல்வதற்கில்லை. ஆயுளெல்லாம் பஸ் ஓட்டியவர் அல்லவா, வளைவுக்கு வளைவு "ஹாரன் அடி, செகண்டுக்கு வா, ஏறுற வண்டிக்கு வழி விடு" என்று டிரைவரைப் பாடாய்ப் படுத்தினார். சாலைக்கு மேலே மரங்கள் கூரை போட்டிருந்தன. எனக்கும் மனசு லேசானது, பொய் சொல்லமாட்டேன்.

காட்சிமுனையில் இறங்கியதும் நீ வீடியோவில் வந்தாய். பள்ளத்தாக்கைக் காட்டு, இந்தப் பக்கம் காட்டு, இன்னும் மேலே காட்டு என்று என்னைப் பம்பரமாய்ச் சுற்றவிட்டாய். அப்பா கையை விட்டால்தான் போனைப் பிடிக்க முடியும், விட்டேன். திரும்பினால் ஆளைக் காணோம். "பக்கத்துலதான் இருப்பார், பாரும்மா" என்று சொல்லிவிட்டு நீ வைத்துவிட்டாய், மீட்டிங்காம்! ஒரு பக்கம் அதலபாதாளம், மறுபக்கம் காடு, அதற்குள் பனி வேறு இறங்கிவிட்டது. நானும் டிரைவரும் தொண்டை கிழியக் கத்தினோம், என் உயிர் என்னிடம் இல்லை.

கடைசியில் கழிப்பறை வாசலில் தூறலில் நனைந்தபடி நின்றார். பக்கத்து டீக்கடைக்கார அம்மா எவ்வளவோ கூப்பிட்டும் கடைக்குள் வரவில்லையாம். என்னைப் பார்த்ததும் அவருக்குத்தான் கோபம். "கத்தாதே, உருண்டை உள்ள போயிருக்கான், வெளிய வந்து நான் இல்லேன்னா பயந்துருவான்" என்கிறார். உருண்டை என்று உன்னைக் கூப்பிட்டு எத்தனை வருஷமாயிற்று. கெஞ்சியும் அசையவில்லை. "பையன் வண்டியில ஏறிட்டான் சார்" என்று டிரைவர் பொய் சொன்ன பிறகுதான் நகர்ந்தார், முழங்கால் வலியையும் மறந்து ஓடினார். வீடு வரும்வரை பக்கத்து இருக்கையைத் தடவித் தடவிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன்னிடம் நன்றாகப் பேசுகிறார் என்கிறாயே, பக்கத்தில் உட்கார்ந்து நான் ஜாடை காட்டுவதால் பேசுகிறார். நீ கவலைப்படக்கூடாதே என்று செய்தேன், இனிமேல் மாட்டேன். வண்டி, மாத்திரை, கம்பளி என்று எதையும் அனுப்பாதே, நீ வா. அவர் உன்னை உன் பெயரோடு அடையாளம் கண்டுகொள்ளும்போதே வா.

எங்கிருந்தாலும் நோய்நொடி இல்லாமல் இரு, இந்தக் கோபத்திலும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். குளிரில் காதை மூடிக்கொள். டிக்கெட் போட்டதும் சொல். யாருக்கு எழுதுகிறாய் என்று அப்பா இப்போது கேட்டார், உருண்டைக்கு என்றேன். "அவன் இன்னும் எழுத்துக் கூட்டித்தானே படிக்கிறான், பெரிசு பெரிசா எழுது" என்றார். அதனால்தான் இந்தக் கடைசி வரிகள் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா