நம் ஊருக்குப் போகும் வால்வு

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்றுதான் எழுதுகிறேன். நான் சுகம்.

நம் வயலோரம் தோண்டும் எண்ணெய்க் கிணற்றில் வாயு கசியுமோ என்று நீங்கள் தூங்குவதில்லை என அண்ணன் சொன்னான். அதற்கான வால்வு இங்கே பீன்யாவில் எங்கள் கம்பெனியில் செய்ததுதான். அழுத்தம் ஏற்றிக் கசிவில்லை என்று பார்த்தவள் நானே. தூங்குங்கள்.

நேற்று வழக்கம்போல் வால்வுக்குக் குங்குமம் வைத்துப் பெட்டியை மூடும்போது, மேலே நம் ஊர்ப் பெயர். கையை எடுக்க மனம் வரவில்லை. "ஏம்மா, நீயும் உள்ள ஏறிக்கிறியா?" என்று சூப்பர்வைசர் சிரித்தார். அப்போதிருந்து, அந்தப் பெட்டிக்குள் படுத்துக் காவிரிப் பாலம் தாண்டி, நம் வயல் வாசனையில் கண் விழிப்பதுபோலவே இருக்கிறது.

மணத்தக்காளி வற்றல் கொஞ்சம் அனுப்புங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. வால்வு வந்ததும் வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். எனக்குத்தான் பொங்கலுக்கும் லீவு இல்லை.

உங்கள்
தமயந்தி