பெற்றவள் வேண்டாம் என்று சொல்லவில்லை

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி தேவலை. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளை நாளை என்கிறார். இதை எழுதவா உட்கார்ந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை நான் தீனி வைக்கும் குரங்கு ஆராய்ச்சிக் கூடத்துக்குப் புதிதாக வந்த லேப் டெக்னீசியன் நீயும் டாக்டரும் எழுதிய கட்டுரையை எனக்குப் புரிகிற மாதிரி படித்துச் சொன்னார், உன் பெயர் இரண்டாவதாக இருக்கிறது என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். தாயிடம் வளர்ந்த குட்டிகள் ஒரு பக்கம், புட்டிப்பாலில் வளர்ந்தவை ஒரு பக்கம், எது கூட்டத்தோடு ஒட்டுகிறது, மிரளும்போது சுரக்கும் ஹார்மோன் எதற்கு எப்படி ஏறி இறங்குகிறது என்று அளந்து எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஒரு வரி, ஆரோக்கியமான தாய்களிடமிருந்து குட்டிகள் பிறந்த அன்றே பிரிக்கப்பட்டன என்று. இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன்.

நாலு வருஷத்துக்கு முன் நீ இங்கே அந்த டாக்டரிடம் ஆராய்ச்சி படித்தபோது, பிறந்த குட்டி சுண்டுவைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தவள் நீதான். "தாய் ஏத்துக்கலைப்பா, நீங்கதான் காப்பாத்தணும்" என்றாய். இரண்டு மணிக்கொரு தரம் புட்டி கொடுத்தேன், என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும். அடுத்த அறையில் அதைப் பெற்றவள் ஒன்பது நாள் தொண்டை கட்டக் கத்தினாள். அவளுக்குத் தீனி வைத்ததும் நான்தான். "பெத்ததைத் தள்ளிட்டு இப்ப என்ன கூப்பாடு" என்று திட்டினேன். அவள் கம்பி வழியாக என் சட்டையை இழுத்து முகர்ந்து பார்த்தாள், திமிர் என்று நினைத்துக் கையைத் தட்டிவிட்டேன்.

சுண்டுவைக் கூட்டத்தில் விட்டபோது மூலையில் தன்னைத் தானே கட்டிக்கொண்டு ஆடியது, பேன் பார்க்க வந்த குரங்கைக் கடித்தது. என் வளர்ப்பில்தான் பிசகு என்று போனில் உன்னிடம் அழுதேனே, "சில குட்டி அப்படித்தான்பா" என்றாய். கட்டுரையைக் கேட்ட பிறகு டாக்டரிடம் போய்க் கேட்டதற்கு, "சொல்லியிருந்தா இவ்வளவு பாசமா வளர்த்திருப்பீங்களா" என்றார். அவர் அயலார், விடு. நீ என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பொய்யைக் காப்பாற்றினாய். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்ல.

வேலையை விட நினைத்தேன், விட்டால் சுண்டு வேறு யார் கையிலும் வாங்காது. சண்டை போட்டு அதைப் பெற்றவளின் பக்கத்துக் கூண்டுக்கு மாற்ற வைத்தேன். அவள் ஒரு தரம் பார்த்தாள், பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டாள். சுண்டு என் முகத்தைத்தான் பார்த்தது.

அம்மா உன் கட்டுரையை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் உன் பெயரைத் தொட்டுக் காட்டுகிறாள். சுண்டுவைத் தள்ள ஒரு தாய்க்கு எப்படி மனம் வந்தது என்று இன்னமும் கேட்கிறாள். நடந்ததை அவளிடம் நான் சொல்வதாக இல்லை. நீயே சொல்ல வேண்டும், மறந்துவிடாதே. சொல்லாமல் வீட்டுப் படி ஏறாதே என்று எழுதத்தான் வந்தேன், கை ஓடவில்லை. வா, வந்து சொல்.

நோய்நொடி அண்டாமல் நீண்ட நாள் இரு.

உன் பேச்சை நம்பியே பழகிவிட்ட
அப்பா